வாடகைக் கூடத்தில் ஒரு சபை

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஏழு குடும்பங்கள் சென்னைப் புறநகரான முடிச்சூருக்கு வரப்போவதில்லை. மனக்கசப்பு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கூடிப் பேசி, ஜெபித்து, நாங்களே அவர்களைக் கைவைத்து ஆசீர்வதித்து, புதிய சபை தொடங்க அனுப்புகிறோம். படப்பையைத் தாண்டி ஒரகடம் செல்லும் சாலையில், ஒரு மளிகைக் கடையின் மாடியிலுள்ள கூடத்தை அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நேற்று மாலை அந்தக் கூடத்தைக் கழுவிவிடுவதற்காக நானும் போயிருந்தேன். புதிதாக அடித்த சுண்ணாம்பின் வாடையும், கீழே கடையிலிருந்து ஏறிவந்த மிளகாய் நெடியும், சுவரில் யாரோ முன்பு மாட்டியிருந்த நாட்காட்டியின் ஆணித் தடமும் 2009-ஆம் ஆண்டில் நாங்கள் தொடங்கிய இடத்தை அப்படியே கண்முன் நிறுத்தின.

நகரத்தின் ஓரங்களில் புதிய சபையைத் தொடங்க விரும்பும் தம்பிமார் சிலர் அவ்வப்போது என்னைக் கேட்பதுண்டு. எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம், எங்கே இடம் பார்க்கலாம், எவ்வளவு பணம் வேண்டும் என்பவையே பெரும்பாலும் அவர்களுடைய கேள்விகளாக இருக்கும். நான் போதகன் அல்லன். தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே சபையின் மூப்பர்களில் ஒருவனாக இருப்பவன். ஆயினும் கடந்த பல ஆண்டுகளில் என்னை விடாமல் துரத்திய கேள்வி வேறொன்று என்பதால் இதை எழுதுகிறேன். நாங்கள் நட்டது இந்த மண்ணில் முளைத்த சபையா, அல்லது வேறோர் ஊரின் சபை பெட்டி படுக்கையோடு இடம் மாறி வந்து இங்கே உட்கார்ந்ததா என்பதே அந்தக் கேள்வி.

தொடக்கத்தில் நாங்கள் நான்கு குடும்பங்கள். நான்கும் தென்மாவட்டத்துக் குடும்பங்கள். நான் நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்து, 1996-இல் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து, பின்னர் முடிச்சூரில் ஒரு மனை வாங்கிக் குடியேறியவன். மற்ற மூவரும் ஏறக்குறைய அதே பாதையில் வந்தவர்கள். கையில் குழந்தையும் பையில் பால் புட்டியுமாகத் தாம்பரத்துக்குப் பேருந்து ஏறி, அங்குள்ள பெரிய ஆலயங்களில் ஆராதனை முடித்து வீடு திரும்ப மதியம் ஒன்றரை மணி ஆகிவிடும். ஆகவே ஞாயிறு மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜெபக்கூட்டம் தொடங்கினோம். சபை தொடங்குகிறோம் என்ற எண்ணமே அப்போது எவருக்கும் இல்லை. பாய் விரித்து உட்காருவோம், இரண்டு கீர்த்தனைகள் பாடுவோம், ஒருவர் வேதபாகம் வாசித்து நான்கு வார்த்தை பேசுவார், முடிவில் சுக்குக் காப்பி. ஆறே மாதங்களில் கூடம் கொள்ளாமல் வாசற்படி வரை ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

அந்த வளர்ச்சியில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி இருந்தது. ஆனால் வந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தபோது, ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் பிறப்பால் கிறிஸ்தவர்களாகவும் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்களாகவுமே இருந்தார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, சென்னை மாவட்டத்தில் 7.72 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஏறத்தாழ 47 விழுக்காடு. படிப்புக்காகவும் வேலைக்காகவும் தெற்கிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் சென்னையை நோக்கி வந்துகொண்டேயிருக்கிறது. மனை விலையும் வாடகையும் அவர்களை நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கும், ஆவடிக்கும், ஊரப்பாக்கத்துக்கும், அதற்கும் அப்பால் தள்ளிக்கொண்டே போகின்றன. புறநகரில் திடீரென்று நிறைந்துவிடும் ஒரு கூடத்தைப் பார்த்து எழுப்புதல், அதாவது விசுவாசத்தின் புத்தெழுச்சி, என்று சொல்வதற்கு முன், அது இரயிலேறி வந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்வதே நேர்மை. அப்படி வந்தவர்களை மேய்ப்பதும் உண்மையான ஊழியம்தான். அதைச் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்டிக்கொண்டு நிறைவடைந்துவிடுவதுதான் ஆபத்து.

நான் பிறந்த பகுதியின் சபைகளுக்கும் ஒரு தொடக்கம் இருந்தது என்பதை நாங்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். தாவீது சுந்தரானந்தம் என்ற நாட்டு ஊழியரின் முயற்சியால், துன்புறுத்தப்பட்ட புதிய விசுவாசிகளுக்காக 1799-இல் ஒரு நிலம் வாங்கப்பட்டு முதலூர் என்ற சிற்றூர் உருவாயிற்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், வழிபாட்டுக்கும் பள்ளிக்கும் பொதுவாக ஒரு கூரைக் கட்டடமும் அங்கேயே குடியிருக்கும் ஓர் உபதேசியாருமாகச் சிற்றூர்தோறும் சபைகளைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களான பின் நிலமும் வீடும் இழந்தவர்களுக்கு இடம் வாங்கித் தருவதற்காக 1830-இல் ஒரு தர்ம சங்கமும் ஏற்பட்டது. அந்தச் சபைகளுக்கு ஊர் தெரிந்திருந்தது. ஊருக்கும் அவை தெரிந்திருந்தன. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது உபதேசியாருக்குத் தெரியும். அந்த மரத்தின் கனியைத் தின்று வளர்ந்த நாங்கள், முடிச்சூரில் ஆறு ஆண்டுகள் கூடி ஆராதித்த பிறகும், எங்கள் கூடத்துக்கு எதிர்வீட்டில் இருந்தவரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அந்த எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன், வீட்டிலிருந்து வாடகைக் கூடத்துக்கு நாங்கள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெபக்கூட்டம் நடத்த என்று சொன்னவுடன் பலர் இடம் தர மறுத்தார்கள். ஒருவர் முன்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்; அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்களோ, அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கடைசியில் இரும்புக் கதவு போட்ட ஒரு கடையின் மாடி கிடைத்தது. பத்து மாத வாடகை முன்பணம். பெண்கள் தாலிச் சங்கிலியைக்கூட அடகு வைக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம். படிக்கட்டு செங்குத்தானது. முழங்கால் வலியுள்ள அம்மாமார்களை இரண்டு பையன்கள் கைப்பிடித்து ஏற்றிவிடுவார்கள். அறுபது நெகிழி நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு கீபோர்டு, இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளால்தான் வினை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முப்பதுக்கு இருபது அடிக் கூடத்தில் அறுபது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. ஆயினும் வெளியே கேட்பதுதான் சாட்சி என்று நாங்கள் நம்பினோம். ஒரு சன்னலைத் திறந்துவைத்து, பெட்டியை அதை நோக்கித் திருப்பியும் வைத்திருந்தோம். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியுடன் குடியிருந்தார். இரண்டு முறை ஆள் அனுப்பிச் சொன்னார். மூன்றாம் முறை புகார் எழுதிக் கொடுத்தார். எங்களில் சிலர் அதை உபத்திரவம் என்றே சொன்னார்கள். ‘நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள்’ வரிசையில் எங்களையும் சேர்த்துக்கொண்டோம்.

சென்னையிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் இடையே ஒலியைக் குறித்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. இதையெல்லாம் எங்கள் போதகர் எடுத்துச் சொன்னார். சட்டத்துக்குப் பயந்து ஒலியைக் குறைப்பது வேறு, அயலானை நினைத்துக் குறைப்பது வேறு என்றும் அவர் சொன்னார். ஒரு புதன்கிழமை மாலை அவரும் நானும் ஆசிரியரின் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, தாமே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“தம்பி, நீங்க சாமி கும்பிடறதைப் பத்தி நான் எதுவும் சொல்லல. உள்ள ஆள் படுத்த படுக்கையா இருக்காங்க. அந்தப் பெட்டியை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்றார்.

உள்ளறையில் அந்த அம்மாள் பக்கவாதத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கிடந்திருக்கிறார். இருபது அடி அகலமுள்ள தெருவுக்கு இந்தப் பக்கம் நோயாளிகளுக்காக ஞாயிறுதோறும் உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளையும் கழற்றிவிட்டோம். பெரியவர்கள் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் பாட்டு அன்றைக்குத்தான் பாட்டாகக் கேட்டது. பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுந்தது.

இது நடந்து நான்கு மாதங்களில் பெருவெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்பதை அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடையாற்றின் தலைப்பகுதியில் இருக்கிறோம் என்பதே அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரெல்லாம் தெருவையே வாய்க்காலாக்கிக்கொண்டது. எங்கள் தெருவில் தரைத்தளம் முழுவதும் நீரில் நின்றது. கட்டடத்தில் உயரமாக இருந்தது எங்கள் கூடம் ஒன்றுதான். இரவு பதினொரு மணிக்கு நானும் மூன்று இளைஞர்களும் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி வீடு வீடாக ஆட்களைக் கூட்டிவந்தோம். ஆசிரியரின் மனைவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படிக்கட்டில் ஏறியபோது, அந்தப் படியைப் பற்றிப் பல ஆண்டுகளாக நாங்கள் சொல்லிவந்த குறைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

தென்மாவட்டத்துச் சபைகளில் அசனம் என்ற பொதுப்பந்தி உண்டு. ஆண்டுக்கொருமுறை ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ஊர் நினைவில் நாங்களும் அதை நடத்துவதற்காக இரண்டு பெரிய அண்டாக்களும், ஒரு அகப்பையும், கைப்பிடி போட்ட நான்கு வாளிகளும் வாங்கி வைத்திருந்தோம். அந்த அண்டாக்கள் மூன்று நாள் இறங்கவில்லை. யார் வீட்டு அரிசி, யார் கடைப் பருப்பு என்று கணக்குப் பார்க்காமல் கஞ்சியும் கிச்சடியும் கொதித்துக்கொண்டேயிருந்தன. கூடத்தில் படுத்திருந்தவர்கள் அறுபதுக்கும் மேல். சபையைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பாதிகூட இல்லை. ஒரு மூலையில் நெற்றியில் நீறு பூசிக்கொண்டு ஆசிரியர் முருகன் துதியை முணுமுணுப்பார்; இன்னொரு மூலையில் எங்கள் அம்மாமார்கள் வேதத்திலிருந்து சங்கீதங்களை வாசிப்பார்கள். அந்த மூன்று நாளும் எவரும் எவருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று போதகர் முதல் இரவிலேயே சொல்லியிருந்தார். பசித்தவனின் பசியைத் தூண்டிலாக்குவது நற்செய்தி ஆகாது என்பதில் அவர் அன்றும் உறுதியாக இருந்தார், இன்றும் அப்படியே இருக்கிறார்.

தெருவில் எங்களுக்கு ஒரு பெயர் வந்தது அதன் பிறகுதான். அதுவரை ‘அந்த ஜெப வீடு’ என்று சொன்னவர்கள், ‘வெள்ளத்தில் சோறு போட்ட மாடி’ என்று வழி சொல்லத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினோம். கணக்குச் சொல்லித்தர முதலில் வந்தவர் அந்த ஆசிரியர்தான். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. இன்றும் கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போகிறார். அவருடைய மனைவி 2017-இல் காலமானபோது எங்கள் நாற்காலிகள்தான் அவர் வீட்டு வாசலில் போடப்பட்டன. அங்கத்தினர் பட்டியலில் எண்ணிப் பார்க்க முடியாத இந்த உறவு இல்லாமல் அதன் பிறகு வந்த எதுவும் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர், தாங்களாகவே, மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, கேள்வி கேட்டு, பின்னர் ஆராதனைக்கு வந்தார்கள். இப்போது எங்கள் சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிச்சூர்ச் சுற்றுவட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இந்த மூன்றில் ஒரு பங்கு வந்த பிறகுதான் எங்களுடைய உண்மையான சோதனை தொடங்கியது. ஒரே பகுதியிலிருந்து, பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் கூடியிருந்தவரை சாதி எங்களிடம் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தூசி தெரிவதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. எங்கள் சபையில் திருவிருந்துக்கு, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வதற்கு, ஒரே பாத்திரம்; எல்லோரும் அதிலேயே அருந்துவோம். பன்னீர் திராட்சையைக் காய்ச்சி ரசம் எடுப்பது என் மனைவியின் பொறுப்பு. ஒரு மாதம், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் வரிசையில் முன்னால் நின்றபோது, ஒரு குடும்பம் மட்டும் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து வேறு பக்கத்து வரிசைக்குப் போனது. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. அவர் அதைக் கவனித்தார், நாங்களும் கவனித்தோம், எவரும் பேசவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இது பழைய நோய். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். இருநூறு ஆண்டுகளை நெருங்கிய பின்னும் அந்தச் சுற்றறிக்கை எங்கள் மாடியில் மறுபடி வாசிக்கப்பட வேண்டியிருந்தது. போதகர் அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் பேசினார். அவர்கள் மறுத்தார்கள்; சுகாதாரம் என்றார்கள்; தனித்தனிக் கிண்ணம் வைக்கலாமே என்றார்கள். அதற்கு மட்டும் போதகர் இணங்கவில்லை. அடுத்த திருவிருந்தில், பாத்திரத்தை ஏந்தி ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பணியை அந்தப் புதியவரிடமே ஒப்படைத்தார். பாத்திரத்தைப் பிடித்திருந்த அவருடைய கைகள் நடுங்கியதை நான் அருகில் நின்று பார்த்தேன். ரசம் சற்றுத் தளும்பி அவர் சட்டைக் கைப்பட்டியில் சிந்தியது. அவர் ஒவ்வொருவருடைய கண்களையும் பார்த்துக் கொடுத்தார். அந்தக் குடும்பம் மூன்று மாதங்கள் வரவில்லை. பின்னர் தாயும் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். தகப்பனார் இன்றுவரை வரவில்லை. ஒரு குடும்பத்தை இழந்தோமே என்று சிலர் குறைப்பட்டார்கள். அன்று அந்த ஒருவரை விட்டுக்கொடுத்திருந்தால் சபையையே இழந்திருப்போம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராகும் தலித் ஒருவர் பட்டியல் சாதிக்குரிய இட ஒதுக்கீட்டை இழக்கிறார். ஞானஸ்நானம் கேட்டு வரும் இளைஞனிடம் இதை மறைக்காமல் எடுத்துச் சொல்வது போதகரின் கடமை. எங்கள் போதகர் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லி, வீட்டாரோடு பேசிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. எண்ணிக்கைக்காக அவசரப்பட்டு முழுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அவன் வாழ்க்கைச் சிக்கலில் தனியே நிற்கும்போது கைவிடுவதை நான் சில இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா, பெரியவர்களுக்கு மட்டும் முழுக்கா என்ற கேள்வி எல்லாப் புதிய சபைகளையும் போல எங்களையும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தது. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல பின்னணிகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இரண்டையும் ஏற்பது, எவரையும் மறுபடி முழுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதிருப்பது என்று முடிவு செய்தோம். எல்லோருக்கும் அது நிறைவு தரவில்லை. ஆனால் எவரும் அதற்காகப் பிரிந்து போகவில்லை.

பணத்தையும் சொத்தையும் பற்றி நேராகவே எழுதுகிறேன். புறநகர்ச் சபைகள் பல உடைவது உபதேசத்தால் அல்ல, இதனால்தான். பத்து பேரோடு தொடங்கும் ஊழியர் தம் மனைவியின் நகையை விற்று இடம் வாங்குகிறார். இயல்பாகவே அது அவர் பெயரில் பதிவாகிறது. இருபது ஆண்டுகளில் சபையாரின் காணிக்கையால் அங்கே மூன்று மாடி எழுகிறது. அவருக்குப் பின் அது யாருடையது? பிள்ளைக்கு அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசங்க மேடையும் பட்டாவும் ஒன்றாகக் கைமாறுகின்றன. அந்த ஊழியரின் தியாகத்தை நான் மதிக்கிறேன். மாதச் சம்பளம் இல்லாமல், மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக் கொண்டுவருவதில் அரிசி வாங்கி, ஊழியம் செய்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆகவேதான் தொடக்கத்திலேயே, சிறிய அளவிலேயே, இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்கிறேன். அறக்கட்டளையாகவோ, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ பதிவு செய்துகொண்டு, நிலம் வாங்கினால் அந்தப் பெயரில் வாங்க வேண்டும். போதகருக்கு ஒரு நியாயமான சம்பளத்தை முதல் செலவாக எழுத வேண்டும். மாதக் கணக்கைக் கூடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் சுவரில் மின்கட்டணம் முதல் துடைப்பம் வரை ஒட்டியிருக்கும். பிள்ளைகள்கூட நின்று வாசிப்பார்கள்.

வழிபாட்டிடம் கட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள விதி. 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே அது இருந்தது. அதை விட்டுவிட்டு, வீடு என்று வரைபடம் காட்டிக் கட்டி, பிறகு பூட்டுப் போடப்பட்ட பின் அழுவதில் பயனில்லை. அனுமதி கிடைக்க ஆண்டுகள் ஆகின்றன என்பதும், சில இடங்களில் காரணமே சொல்லாமல் கோப்பு உறங்குகிறது என்பதும் உண்மைதான். அந்த வேதனை எங்களுக்கும் தெரியும். சொந்தக் கட்டடம் இன்னும் எங்களுக்கு இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டுக் காலத்தில் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழில் செய்துகொண்டே தங்கள் வீட்டைச் சபைக்குத் திறந்துவைத்தார்கள். பவுல் எபேசுவில் இரண்டு ஆண்டுகள் திறன்னு என்பவரின் வித்தியாசாலையில்தான் போதித்தார். வாடகைக் கூடத்தில் இருப்பதற்கு நாங்கள் வெட்கப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சபை அருட்பணிச் சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், நாட்டுச் சபைகள் தங்களைத் தாங்களே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். தாங்குவதும் ஆளுவதும் எங்களுக்கு ஒருவாறு கைகூடின. பரப்புவதில்தான் தயக்கம். கூடம் நிறைந்தவுடன் பெரிய கூடம் தேடவே மனம் போகிறது. நூற்றுமுப்பது பேர் சேர்ந்து பாடும்போது உண்டாகும் இன்பத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்? 2020-இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டு, செப்டம்பர் முதல் தேதி மீண்டும் திறக்கும்வரை நாங்கள் ஐந்தாறு குடும்பங்களாகத் தெருவாரியாகத் தொலைபேசியில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம். அப்போதுதான் படப்பைப் பக்கம் குடியிருந்தவர்கள், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் முடிச்சூரில் மட்டும் பார்த்துவந்ததை உணர்ந்தார்கள். எங்கள் பழைய கதையே திரும்பியிருந்தது: பதினைந்து கிலோமீட்டர் பயணம் செய்து ஆராதிப்பவர்களுக்குத் தங்கள் எதிர்வீட்டாரைத் தெரியவில்லை.

ஒரகடத்தில் 2010-க்குப் பின் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அவற்றை நம்பிச் சிறிய உதிரிபாகப் பட்டறைகளும், அவற்றில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்களும் வந்தார்கள். அவர்களில் பழங்குடிக் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. எங்கள் சபைத் தம்பி ஒருவன் வேலை செய்யும் பட்டறையில், கிறிஸ்துமஸ் முந்தின இரவு, பத்துக்குப் பன்னிரண்டு அடித் தகரக் கொட்டகை ஒன்றில் பதினோரு பையன்கள் கைப்பேசி வெளிச்சத்தில் தங்கள் மொழியில் பாடிக்கொண்டிருந்ததை அவன் கேட்டிருக்கிறான். ஊரில் தாத்தா காலத்திலிருந்து சபை உள்ளவர்கள். இங்கே மூன்று ஆண்டுகளாக ஒரு சபைக்கும் போகாதவர்கள். தமிழ் தெரியாது, ஞாயிறும் வேலை உண்டு, எங்கே போவதென்றும் தெரியாது. நான் 1996-இல் கிண்டியில் எப்படி நின்றேனோ, அதைவிடத் தனியாக அவர்கள் நிற்கிறார்கள். எனக்கு மொழியாவது இருந்தது.

ஆகவே படப்பைக் கூடத்தில் ஞாயிறு காலை தமிழ் ஆராதனையும், ஷிப்டு முடிந்து வரக்கூடிய வகையில் இரவு ஏழரை மணிக்கு இந்தி ஜெபக்கூட்டமும் நடக்கும். அந்தப் பையன்களில் ஒருவனே அதை நடத்துவான். எங்களவர்கள் விளக்குப் போட்டு, சமைத்து வைத்தால் போதும். பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு சிறிய சபைகள் இருக்கின்றன. அவற்றின் போதகர்களைப் போய்ப் பார்த்து, அவர்களுடைய சபையாரில் ஒருவர் எங்களிடம் வந்தால் முதலில் அவர்களைத்தான் அழைத்துப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒருவர் மகிழ்ந்தார். மற்றவர் அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். அவர் அப்படிச் சொல்லும்படி முன்பு யாரோ நடந்திருக்கிறார்கள். அவருடைய நம்பிக்கையைப் பெறச் சில ஆண்டுகள் ஆகும்.

நேற்று இரவு நாற்காலிகளைப் பிரித்தோம். இப்போது எங்களிடம் நூற்றைம்பது இருக்கின்றன; ஐம்பதை ஒரு சிறிய சரக்கு வண்டியில் ஏற்றினோம். கீபோர்டு வாசிக்கும் பெண்ணும் அந்த ஏழு குடும்பங்களில் ஒருத்தி என்பதால் கீபோர்டும் போகிறது. வாசிக்கத் தெரிந்தவர் வேறு எவரும் எங்களிடம் இல்லை. மாதக் காணிக்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்று பொருளாளர் கணக்கெடுத்திருக்கிறார். அதுவும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லாம் ஏற்றி முடித்த பின், பாத்திரம் ஏந்திய அந்த மனிதர் மாடிக்கு ஏறிப் போய், இரண்டு அண்டாக்களில் பெரியதைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர்தான் படப்பைக்குப் போகும் மூப்பர். சிறியது போதாதா அண்ணே, எங்களுக்கும் இங்கே அசனம் உண்டே என்று ஒரு பையன் கேட்டான். அங்கே கொட்டகைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இன்னும் எண்ணி முடிக்கவில்லை தம்பி என்று சொல்லிவிட்டு, அதை வண்டியில் நாற்காலிகளுக்கு நடுவே அசையாதபடி கயிறு போட்டுக் கட்டினார்.